ஒரு மீன், நான்கு நாக்குகள்

கடலூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

புதுச்சேரியில் வேலை. மாலை பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேரும்போது மணி ஏழாகிவிடுகிறது; எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாடு தயாராக வேண்டும். வீட்டில் கணவர், மாமியார், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள். மகள் வெள்ளையாக இருப்பதை மட்டுமே தொடுவாள்: இட்லி, தயிர் சாதம், தோலுரித்த உருளைக்கிழங்கு. மகன் முன்பு மீன் சாப்பிட்டவன்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிழங்கான் முள் தொண்டையில் சிக்கி, மருத்துவமனை வரை போய்வந்த பிறகு மீன் என்றாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். கணவருக்குப் புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு மீன்தான் மீன். மற்றதெல்லாம் 'காய்ச்சல்காரர் சாப்பாடு'.

ஐந்தே நிமிடத்தில் வெள்ளை மீனை வறுத்தெடுக்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, உறைந்த பாசா மீன் துண்டுகளை வாங்கி இருமுறை செய்து பார்த்திருக்கிறார். மீன் கல்லில் ஒட்டிக்கொண்டது, தண்ணீர் விட்டது, புட்டு போல உதிர்ந்தது. மகள் இரண்டு விள்ளல் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். 'புரதமே போகவில்லை' என்ற கவலையில் மிரட்டியும் பார்த்தாகிவிட்டது, கைப்பேசியைக் காட்டியும் பார்த்தாகிவிட்டது. உருளைக்கிழங்கு மசியலுக்குள் மீனை ஒளித்து வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். மாமியாரோ, மீனும் தயிரும் ஒன்றாகப் போனால் வெண்குட்டம் வரும், ராத்திரியில் மீனே ஆகாது என்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ஒரு விசேஷ வீட்டில் இறால் சாப்பிட்ட மகளுக்கு உதட்டைச் சுற்றித் தடிப்பு வந்து, சிறிது நேரத்தில் தானே அடங்கிவிட்டதாம். வீட்டில் ஒரு சின்ன இறாலைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பேருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு மீன் செய்முறை கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் யாரும் மீனை மறுக்கவில்லை என்பதுதான் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது. மகள் மறுப்பது மணத்தையும் நிறத்தையும். மகன் மறுப்பது முள்ளை. கணவர் மறுப்பது காரம் இல்லாததை. மாமியார் மீனை அல்ல, நேரத்தையும் சேர்மானத்தையும் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறது, அத்தனையும் ஒரே தோசைக்கல்லில் முடியக்கூடியவை. சமையலுக்கு முன்னால், நீங்கள் கடைசி வரியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தத் தடிப்பு

வீட்டில் இறாலைக் கொடுத்துச் சோதிக்கும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். முதல் முறை உதட்டோடு நின்ற ஒவ்வாமை அடுத்த முறையும் உதட்டோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போய், என்ன சாப்பிட்டாள், எத்தனை நிமிடத்தில் தடித்தது, எப்போது அடங்கியது என்பதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். எப்போதாவது முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, குரல் மாறுவது, விடாமல் வாந்தி எடுப்பது என்று கண்டால் காத்திருக்கவே கூடாது; 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு பக்கம், இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மீனும் ஒத்துக்கொள்ளாது என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். இறால், நண்டு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது டிரோபோமயோசின் என்ற புரதம். மீன் ஒவ்வாமைக்குக் காரணமாவது பார்வால்புமின் என்ற வேறொரு புரதம். ஒன்று இருப்பவருக்கு மற்றது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மகள் பாசா மீனை இருமுறை சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல அறிகுறிதான். ஆனாலும் மருத்துவர் பார்க்கும் வரை அவள் தட்டில் மீன் வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப்போவதால் எந்த நஷ்டமும் இல்லை.

மார்க்கெட்டில் இறாலை உரித்த அதே பலகையில், அதே கத்தியால்தான் மீனையும் வெட்டிக் கொடுப்பார்கள். கழுவிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வெளியே வறுத்த மீன் வாங்கிக் கொடுப்பதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்த எண்ணெயில் முன்னால் என்ன பொரிந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆறரை மணிப் பால்

'புரதமே போகவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் மகள் காலையிலும் மாலையிலும் ஒரு டம்ளர் பால் குடிக்கிறாள். 200 மில்லி பாலில் ஆறு கிராமுக்குமேல் புரதம் உண்டு. இரண்டு டம்ளரில் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் வந்துவிடுகிறது. இட்லியில் உளுந்து, மதியம் தயிர் என்று சேர்த்தால் கணக்கு தாண்டிவிடும். உயரமும் எடையும் சீராக ஏறுகிறது என்று மருத்துவர் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது அவசரநிலை அல்ல. மீன் வேண்டியது புரதத்துக்காக மட்டும் அல்ல. ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், பி12 ஆகியவற்றுக்காகவும், எல்லாவற்றையும்விட அவள் நாக்கு இட்லிக்கும் தயிர் சாதத்துக்கும் அப்பால் கொஞ்சம் நகர வேண்டும் என்பதற்காகவும்தான்.

அந்த மாலைப் பால் எத்தனை மணிக்குப் போகிறது என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் வருவதற்குள் குழந்தை வாடிவிடுவாளே என்று பாட்டி ஆறரை மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டு மணிக்கு உட்காரும் குழந்தைக்குப் பசியே இல்லை. பசி இல்லாத ஐந்து வயதுக்காரி புதிதாக ஒன்றைத் தின்று பார்ப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள், அல்லது சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். செய்முறையைவிட இது பெரிய மாற்றமாக இருக்கும். மாமியாரிடம் 'நீங்கள் கொடுப்பதால்தான்' என்று தொடங்காமல், 'அத்தை, ஐந்து மணிக்கே கொடுத்துவிட்டால் ராத்திரி நன்றாகச் சாப்பிடுவாள் போலிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள்.

எந்த மீன்?

கடலூர்க்காரருக்கு மீன் பார்த்து வாங்கச் சொல்லித்தருவது அதிகப்பிரசங்கித்தனம். கண், செவுள், அழுத்தினால் மேலெழும் சதை எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: முதுநகர்த் துறைமுகத்தை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் உறைந்த பாசாவைத் தேடிப் போனீர்கள்? பாசா கெட்ட மீன் அல்ல. நன்னீரில் வளர்ப்பது, முள் இல்லாமல் கிடைப்பது. ஆனால் அது இயல்பிலேயே ஈரம் மிகுந்த, மென்மையான சதை. உறைய வைக்கும்போது மேலே பனிக்கட்டிப் பூச்சும் ஏறுகிறது. சிலவற்றில் நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. அந்தத் தண்ணீர் எல்லாம் உங்கள் கல்லில்தான் இறங்கியது. மீன் வறுபடவில்லை, வெந்தது. உதிர்ந்ததற்கு உங்கள் கை காரணம் அல்ல.

நான் உங்களுக்குச் சொல்லும் மீன் கொடுவா. வெள்ளைச் சதை, அடுக்கடுக்காகப் பிரியும், மணம் குறைவு, முள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். கடலோர முகத்துவாரங்களிலும் கிடைக்கிறது, வளர்ப்பு மீனாகவும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றேகால் கிலோவில் ஒன்றை வாங்கி, செதில் நீக்கி, தோலோடு நடு முள்ளின் இருபுறமும் நீளவாக்கில் சதையை எடுத்துத் தரச் சொல்லுங்கள். குறுக்கே வட்டமாகப் போடும் துண்டு வேண்டாம். அதில் முள் சதைக்கு நடுவில் நிற்கும். தலையும் நடு முள்ளும் போகச் சுமார் அரைக் கிலோ சதை கிடைக்கும். தலையையும் முள்ளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கணவரின் குழம்பு அதில் இருக்கிறது. கொடுவா இல்லாத நாளில் கடல் விராலும் இதே முறைக்குப் பொருந்தும்.

வஞ்சிரம் விலை அதிகம், ஆகவே சத்தும் அதிகம் என்று நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விலை முள் குறைவாக இருப்பதற்கும் ருசிக்கும் கொடுப்பது. வஞ்சிரம் நல்ல மீன்தான், ஆனால் மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். எனவே குழந்தைகளுக்கு அதையே வாரம் தவறாமல் கொடுக்க வேண்டாம். சுறாவைத் தவிர்த்தே விடுங்கள். அளவு என்று பார்த்தால், நான்கு முதல் ஏழு வயது வரை ஒரு வேளைக்கு ஏறக்குறைய 55 கிராம், எட்டு முதல் பத்து வயது வரை 85 கிராம், வாரத்துக்கு இருமுறை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். மகளுக்கு 55 கிராம் என்பது நீங்கள் இப்போது வைக்கும் துண்டில் பாதிகூட இருக்காது.

தோசைக்கல்லில்

வாங்கி வந்ததும் கழுவி, துணியால் ஒற்றி, அன்றும் மறுநாளும் சமைக்கப் போவதை மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையோடு அப்படியே திணித்தால் கசிந்த நீரிலேயே மீன் ஊறும். மாலையில் பையைத் திறக்கும்போது வரும் வாடைக்கு அதுவே காரணம். மீதியை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வையுங்கள். புதன்கிழமை செய்வதென்றால் செவ்வாய் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். நீங்கள் செய்ததுபோல் வெந்நீரில் போட்டு உருக்கினால் வெளிச் சதை வெந்து, உள்ளே கல்லாகவே இருக்கும்.

கடல் மீனின் வாடைக்குப் பெயர் டிரைமெத்தைலமின். மீன் செத்த பிறகு அதன் சதையிலுள்ள ஒரு பொருளைக் கிருமிகள் சிதைப்பதால் உண்டாவது. அமிலம் பட்டால் அது கட்டுண்டு காற்றில் ஏறாமல் அடங்கிவிடும். நம் பாட்டிமார் புளித் தண்ணீரிலும் எலுமிச்சையிலும் மீனை அலசியது வெறும் பழக்கத்துக்காக அல்ல. ஆனால் எலுமிச்சைச் சாற்றிலேயே அரை மணி நேரம் ஊற வைக்காதீர்கள். சதை வெளுத்து உதிரத் தொடங்கும். ஒரு நிமிடம் அலசி எடுத்தால் போதும்.

இப்போது ஏழு மணி. குக்கரில் அரிசி வைத்துவிட்டு, மீனை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி உப்புத் தடவி ஒரு தட்டில் வையுங்கள். கால் மணி நேரத்தில் மீன் நீர் விட்டிருக்கும். பழைய பருத்தித் துணியால் இருபுறமும் அழுத்தி ஒற்றுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. இந்த ஒரு வேலையைத்தான் காணொளிகளில் வெட்டிவிடுகிறார்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். தண்ணீர் தீரும் வரை மீன் சிவக்காது, சிவக்காத மீன் கல்லை விடாது. ஒற்றி முடித்த பிறகு அரிசி மாவை மிக மெல்லியதாகப் புரட்டி, தட்டி உதறுங்கள். மாவு கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம்.

நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதுவே போதும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். எண்ணெய் பளபளத்து ஓடும்போது துண்டுகளைத் தோல் பக்கம் கீழாக, இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கி அடுக்கினால் மறுபடியும் நீராவிதான். முதல் அரை நிமிடம் தட்டையான கரண்டியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள், தோல் சுருளாது. அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நீங்கள் ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை திருப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது மீனுக்குச் செய்த கொடுமை. துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள்: கண்ணாடி போல இருக்கும் சதை கீழிருந்து மேலாக வெள்ளையாக மாறிக்கொண்டே ஏறும். முதலில் படபடவென்று பெரிதாகக் கேட்ட ஓசை மெல்லத் தணியும். வெள்ளை முக்கால் பங்கு ஏறியதும் ஓரத்தில் கரண்டியை நுழைத்துப் பாருங்கள். வறுபட்டிருந்தால் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் கேட்கிறது என்று பொருள். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தோல் பக்கம் நான்கு நிமிடம், திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். கத்தி முனையால் நடுவில் விலக்கினால் அடுக்குகள் பிரிந்து உள்ளும் வெள்ளையாக இருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ்.

நான்-ஸ்டிக் சட்டி என்றால் எண்ணெயோடு சேர்த்து மிதமான தீயில் காய வையுங்கள், வெறுமையாகக் கடும் தீயில் வைக்காதீர்கள். வெண்ணெய் வேண்டுமென்றால் தீயைக் குறைத்துக் கடைசி அரை நிமிடம். பிரெஞ்சுக்காரர்கள் மாவு புரட்டிய மீனின் மேல் வெண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். புதுச்சேரி உணவகங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் மகளுக்கு அந்த வெண்ணெய் மணம் பிடிக்கக்கூடும், ஆனால் வெண்ணெய் கருகினால் பழுப்புப் புள்ளிகள் விழும், அவை அவளுக்குப் பிடிக்காது.

நான்கு பேருக்கு ஒரே கல் போதும் என்றேன் அல்லவா? வரிசை முக்கியம். முதலில் மகளுக்கு: உப்பும் மாவும் மட்டும், மிளகுத்தூள்கூட வேண்டாம், திருப்பிப் போட்டதும் அதிகம் சிவக்கவிடாமல் எடுத்துவிடுங்கள். அடுத்து மகனுக்கும் மாமியாருக்கும்: மஞ்சள், மிளகு. கடைசியில் கணவருக்கு: மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் புளிக்கரைசல் குழைத்துத் தடவி, கறிவேப்பிலையோடு. காரம் கல்லில் இறங்கிய பிறகு வெள்ளைத் துண்டு போடப் போவதில்லை என்பதால் தனிச் சட்டி தேவையில்லை. மொத்தம் இருபது நிமிடம்.

தட்டுக்கு வந்த பிறகு

என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா இல்லையா என்பது அவர்கள் முடிவு. குழந்தை உணவு ஆலோசனையில் நெடுநாளாகச் சொல்லப்படும் பாகப்பிரிவினை இது. நீங்கள் இப்போது இரண்டு பாகத்தையும் எடுத்துக்கொண்டு திணறுகிறீர்கள். மகள் தட்டில் தயிர் சாதமும் உருளைக்கிழங்கும் வழக்கம்போல் இருக்கட்டும். பக்கத்தில் கட்டைவிரல் அளவு மீன். அதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். 'ஒரே ஒரு வாய்', 'தின்றால் கைப்பேசி' எதுவும் வேண்டாம். பரிசு கொடுத்து ஊட்டும் உணவு, பரிசு வாங்குவதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய உணவாக மனதில் பதிந்துவிடும். இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவுக்கு அஞ்சுவது இயல்பான வளர்ச்சிக் கட்டம். ஒரு உணவை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைத் தட்டில் பார்க்கவோ தொடவோ ருசிக்கவோ வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் இரண்டே முறை வைத்துவிட்டு அவளுக்குப் பிடிக்காது என்று முடிவுசெய்துவிட்டீர்கள். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாலும் அது ஒரு முறைதான்.

ஒளித்து வைப்பது பற்றி: வேண்டாம். வெள்ளையை நம்பும் குழந்தை அவள். உருளைக்கிழங்குக்குள் மீன் இருந்ததை ஒருநாள் கண்டுபிடித்தால், அன்றோடு உருளைக்கிழங்கும் போய்விடும். மீன் கட்லெட் செய்யுங்கள், தாராளமாக. ஆனால் 'இது மீன் கட்லெட்' என்று சொல்லியே வையுங்கள். கடையில் விற்கும் உறைந்த நக்கெட்டுகளைக் கேட்டிருந்தீர்கள். எப்போதாவது சரி. அதில் மாவும் உப்பும் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தால் நீங்களே திரும்ப வைத்துவிடுவீர்கள்.

மகனின் கதை வேறு. அவனுடையது அடம் அல்ல, பயம். அதுவும் காரணமுள்ள பயம். 'முள்ளே இல்லை, சாப்பிடு' என்ற உறுதிமொழி அவனிடம் செல்லாது. சமைக்கும் முன் பச்சைத் துண்டை அவன் முன்னால் வையுங்கள். தலைப்பக்கத்திலிருந்து வால் பக்கமாகவும், பிறகு எதிர்த்திசையிலும் விரல் நுனியால் தடவினால் முள் இருக்கும் இடம் குத்திக் காட்டும். புருவம் திருத்தும் சிறு இடுக்கியைப் போன்ற ஒன்றைச் சமையலறைக்கென்றே வாங்கி, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்கக் கற்றுக்கொடுங்கள். முள் பார்க்கும் பொறுப்பு அவனுடையது என்று ஆக்கிவிடுங்கள், தங்கைக்கும் சேர்த்து. சில வாரங்களுக்கு அவன் முள் மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாலும் விட்டுவிடுங்கள்.

அன்று முள் சிக்கியபோது சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் இனிச் செய்யாதீர்கள். சோற்று உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கலாம். இருமித் துப்பச் சொல்லலாம். போகவில்லை என்றால் விரலை விட்டுத் துழாவாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதே சரி.

தயிரும் குழம்பும்

மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்குட்டம் வரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. வெண்குட்டம் என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிப்பதால் வருவது, தொற்றும் அல்ல. வங்காளத்தில் தயிரிலேயே மீனைச் சமைக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. இரவில் மீன் ஆகாது என்பதற்கும் அப்படித்தான். புதிய மீனைச் சரியாக வேகவைத்தால் இரவும் பகலும் ஒன்றே. ஆனால் இதை மாமியாரோடு வாதாடி வெல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அவர் தட்டில் தயிரை வைக்காதீர்கள், மீனுக்கு ரசம் சாதம் போடுங்கள். மகளுக்கு மட்டும் தயிர் சாதம் தொடரட்டும். அவளுக்குப் பழகிய உணவு தட்டில் இல்லை என்றால் மீன் பக்கம் அவள் கண்கூடப் போகாது. மாமியார் மிகவும் வருந்தினால், குழந்தை மருத்துவர் வாயாலேயே ஒரு முறை அவரைக் கேட்கவையுங்கள். அந்தத் தடிப்புக்காக எப்படியும் போகத்தானே போகிறீர்கள்.

கணவர் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கடுமையாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளை மீன் வறுவல் 'ஆரோக்கியமானது', குழம்பு 'பழைய பழக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒமேகா-3 கொழுப்பு என்று பார்த்தால் கொடுவாவைவிடக் கவலை மீன், மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றில்தான் அதிகம். அவை எல்லாம் அவர் கேட்கும் குழம்பு மீன்கள். விலையும் மலிவு. ஆகவே வாரத்தில் ஒருநாள் வறுவல், ஒருநாள் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு நாளில் சமைப்பவர் யார் என்பதை அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். கவலையும் கானாங்கெளுத்தியும் வாங்கினால் வெயிலில் வைத்து அலையாமல் அன்றே சமைத்துவிட வேண்டும். குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் அந்த வகை மீன்களில் ஹிஸ்டமின் சேரும், அது கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிக்கும், பார்ப்பவர்கள் ஒவ்வாமை என்றே நினைப்பார்கள். உங்கள் வீட்டில் இன்னொரு குழப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறியிருக்கும். வெளியூரிலிருந்து ஐஸில் பயணப்பட்ட மீனும் கூடவே வரும். அப்போது பெயரைப் பார்த்து வஞ்சிரத்துக்கு மல்லுக்கட்டாமல் வளர்ப்புக் கொடுவா இருக்கிறதா என்று கேளுங்கள். தோலை உரித்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; கேட்காமலே உரித்துவிடுகிறவர்கள் உண்டு.